வெளிநாட்டு வேலைக் காகிதம் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை

அறந்தாங்கி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 17 வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம் போடுவது, விமான டிக்கெட் பிரிண்ட் எடுப்பது, விசா காப்பி எடுப்பது எல்லாம் இங்கே நடக்கும். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பயணம் போயிருப்பார். சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத். அதனால் தினமும் நான்கைந்து வேலைக் காகிதமாவது என் மேசைக்கு வந்துவிடும்.

2022 ஜூலையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். பி.இ. முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தவன். கையில் தாய்லாந்துக் கம்பெனியின் கடிதம். வேலையின் பெயர் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்டு மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’, சம்பளம் மாதம் 900 டாலர். கடிதம், டிக்கெட், ஹோட்டல் புக்கிங் மூன்றுக்கும் இரண்டிரண்டு காப்பி எடுத்துக் கொடுத்தேன். “நல்லா இரு தம்பி” என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வரியைக்கூட நான் படித்துப் பார்க்கவில்லை. படித்திருந்தால் அந்த மேசையிலேயே நின்றிருக்கும். இது இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

பாங்காக்கில் இறங்கியவனை ஒரு வேனில் ஏற்றியிருக்கிறார்கள். ஊருக்குள் போகும் என்று நினைத்த வேன் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. மே சொட் என்ற எல்லை ஊர். ராத்திரியில் மோய் ஆற்றைப் படகில் கடக்க வைத்தார்கள். அக்கரை மியான்மரின் மியாவாடி. பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு 16 மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெண் பெயரில் போலிக் கணக்கு வைத்து, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறவர்களிடம் அன்பாகப் பேசி, கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். டார்கெட் வராவிட்டால் சாப்பாடு கிடையாது, வெயிலில் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு ஷாக் வைத்ததையும் பார்த்திருக்கிறான்.

அந்த வருடம் செப்டம்பர் 24 அன்று மத்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஐ.டி. தெரிந்த இளைஞர்களைத் தாய்லாந்து வேலை என்று சொல்லி, சமூக ஊடக விளம்பரம் மூலமும் துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்கள் மூலமும் பிடித்து மியான்மருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அதில் இருந்தது. வேலையின் பெயரும் போட்டிருந்தார்கள். என் மேசையில் கிடந்த அதே பெயர். அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னைக்கு வந்தார்கள். அவர்களில் எங்கள் பையன் இல்லை. அவன் வர இன்னும் சில மாதம் ஆனது.

அதோடு முடிந்துவிடவும் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைபட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கணக்குச் சொன்னது. 2025 மார்ச் 10, 11 ஆகிய இரண்டே நாளில் இப்படி மாட்டியிருந்தவர்களில் 283 பேரும் 266 பேரும் விமானப்படை விமானங்களில் இந்தியாவுக்குத் திரும்பினார்கள்.

அந்தப் பையன் திரும்பி வந்த பிறகு, என் கடைக்கு வரும் ஒவ்வொரு வேலைக் காகிதத்தையும் படித்த பிறகுதான் பிரிண்ட் கொடுக்கிறேன். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது கடத்தல்தானா?

கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப்போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் பையன் குளித்து, சாமி கும்பிட்டு, அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினான். அவனை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அவனே போனான், அதுவும் ஒன்றரை லட்சம் கொடுத்து.

சட்டம் இதைத் தெளிவாகப் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம் 370) பொய் சொல்லியோ, மிரட்டியோ, ஆசை காட்டியோ ஒருவரைச் சுரண்டலுக்காக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால் அது ஆள் கடத்தல் என்கிறது. கொண்டுபோகப்பட்டவர் சம்மதித்தாரா என்பது அங்கே கணக்கில் வராது. குறைந்தது ஏழு வருடத் தண்டனை. “நானாத்தானே போனேன், யார்கிட்ட புகார் சொல்றது” என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் வீடுகளுக்கு இதை முதலில் சொல்கிறேன்.

காகிதத்தைப் படிப்பது

முதலில் விசா வகையைப் பார்ப்பேன். கடிதத்தில் வேலை என்று இருக்கும், விசாவில் டூரிஸ்ட் அல்லது விசிட் என்று இருக்கும். இந்த இரண்டும் ஒட்டவில்லை என்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. “அங்கே போனதும் மாத்திடுவாங்க” என்பார்கள். தாய்லாந்தில் சட்டப்படி வேலை பார்க்க ‘நான்-இமிக்ரன்ட் பி’ (Non-Immigrant B) என்ற விசாவும் தனியாக ஒர்க் பெர்மிட்டும் வேண்டும். 2023 நவம்பரில் அந்த நாடு இந்தியர்களைச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே உள்ளே விட ஆரம்பித்தது. ஏஜென்ட்களுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. சுற்றுலாவாக உள்ளே போவதற்கும் வேலை பார்ப்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

சிங்கப்பூர் என்றால் ஐ.பி.ஏ. கடிதம் (வேலை அனுமதிக்கான முன் ஒப்புதல்) வரும். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று போட்டிருக்கும். அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் அந்தக் கடிதம் உண்மையா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை. என் கடையில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

அடுத்து டிக்கெட். எங்கள் பையனின் டிக்கெட்டில் ரிட்டர்னும் இருந்தது. “திரும்பி வர்றதுக்கும் அவங்களே போட்டுட்டாங்க, நல்ல கம்பெனி தம்பி” என்று அவன் அம்மா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். அது விமான நிலையத்தில் இமிக்ரேஷன் அதிகாரிக்குக் காட்டுவதற்காகப் போட்ட டிக்கெட். சுற்றுலாப் பயணி என்றால் திரும்பும் டிக்கெட் கேட்பார்கள், தங்கும் இடம் கேட்பார்கள், கையில் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்காகவே ஒரு ஹோட்டல் புக்கிங்கும் கொஞ்சம் ஷோ மணியும். ஆள் உள்ளே போனதும் எல்லாவற்றையும் கேன்சல் செய்துவிடுவார்கள்.

அந்தக் காகிதங்களோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. ‘ஏன் போகிறாய் என்று கேட்டால், ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல். வேலை என்று சொல்லாதே. ஆபீஸ் பெயர் சொல்லாதே.’ அதையும் நான் காப்பி எடுத்தேன்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இந்தச் சீட்டுதான். நம் நாட்டு அதிகாரியிடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறவனோடு ஒரு அடிகூடப் போகாதீர்கள். அந்தப் பொய்யைச் சொன்ன நிமிடமே அரசாங்கப் பதிவில் நீங்கள் ஊர் சுற்றப் போனவர். எந்த வேலைக்குப் போனீர்கள், யார் அனுப்பினார்கள், யார் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று எங்கேயும் எழுத்து இருக்காது. நாளைக்கு உங்களைத் தேட வேண்டுமென்றால் எங்கே தேடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

கடிதத்தில் கம்பெனி முகவரியையும் பாருங்கள். மேப்பில் போட்டுப் பாருங்கள். ஊர்ப் பெயர் இல்லாமல் வெறும் நாட்டுப் பெயர் மட்டும் இருந்தால் நல்லதில்லை. மே சொட், மியாவாடி, ஷ்வே கொக்கோ, கே.கே. பார்க் என்று வந்தாலோ, கம்போடியாவில் பொய்பெட், பாவெட், சிஹானூக்வில் என்று வந்தாலோ, லாவோஸில் கோல்டன் டிரையாங்கிள் என்று வந்தாலோ அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிடுங்கள். இந்த ஊர்களில் எல்லா வேலையும் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கிருந்து ஒரு பட்டதாரிப் பையனை விமான டிக்கெட் போட்டு அங்கே டேட்டா என்ட்ரிக்குக் கூப்பிட நியாயமான காரணம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்டர்வியூ எப்படி நடந்தது என்றும் கேட்பேன். டெலிகிராமில் 10 நிமிடம், டைப்பிங் ஸ்பீடு எவ்வளவு, இங்கிலீஷ் எழுத வருமா, வயசு என்ன. அவ்வளவுதான். படிப்பைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ கேள்வி இல்லை. சொந்த ஊரில் 15,000 ரூபாய் வேலைக்கே மூன்று ரவுண்டு வைக்கிறார்கள். மாதம் 70,000 கொடுக்கிறவன் எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டால் அவன் வேறு எதற்கோ எடுக்கிறான்.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது

ஒரே கேள்வி. “உங்க லைசென்ஸ் நம்பர் என்ன?”

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த நம்பரை ஆபீஸிலும் விளம்பரத்திலும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட வேண்டும். ‘கன்சல்டன்சி’ என்று போர்டு வைத்திருப்பதும், ஜி.எஸ்.டி. சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பதும் லைசென்ஸ் ஆகாது. நம்பர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் பதிவான ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர், முகவரி, லைசென்ஸ் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்து புகாரில் சிக்கியவர்களின் பட்டியலும் அதிலேயே உண்டு. இணைய முகவரியின் முடிவில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கிறதா என்று கவனியுங்கள். அதே மாதிரி போலித் தளங்கள் வருகின்றன.

எங்கள் ஊரில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம்மிடம் பேசுகிறவர் ஏஜென்ட்டே இல்லை, சப் ஏஜென்ட். பெரும்பாலும் தெரிந்தவர். மாமா முறை, பள்ளிக்கூடத் தோழன், கோயில் கமிட்டியில் இருப்பவர். அவரிடம் லைசென்ஸ் கேட்க நமக்குக் கூச்சம். “என்னையே சந்தேகப்படுறியா மாப்ள” என்று ஒரு வார்த்தை சொன்னால் நாம் வாயை மூடிக்கொள்வோம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது: “மாமா, உங்களை நம்புறேன். உங்களுக்கு மேல இருக்கிறவர் நம்பரைக் கொடுங்க, ஒரு தடவை பார்த்துக்கிறேன்.” நல்ல மனிதர் கொடுத்துவிடுவார். ஒருவேளை அவரும் ஏமாந்திருந்தால் அப்போதே அவருக்கும் தெரிந்துவிடும்.

பணம் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதையும் வைத்துக் கண்டுபிடிக்கலாம். பதிவான ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 35,400. அதற்கு ரசீது கொடுக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒன்றரை லட்சம், இரண்டரை லட்சம் என்று சகஜமாகக் கேட்கிறார்கள், நாமும் நகையை அடகு வைத்துக் கொடுக்கிறோம். கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பேங்க் வழியாக, கம்பெனி பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள். எங்கள் பையனிடம் வாங்கியது யாரோ ஒரு பெண் பெயரில் இருந்த யு.பி.ஐ. கணக்கில். பிற்பாடு அந்தக் கணக்குதான் போலீஸுக்குப் பிடி கொடுத்தது.

அடுத்த விஷயம் படித்தவர்களுக்கு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். 275 ரூபாயில் இரண்டு வருடத்துக்கு 10 லட்ச ரூபாய் காப்பீடும் எடுக்க வைப்பார்கள். பத்தாவது பாஸ் என்றால் இந்தத் தடுப்பு கிடையாது, நேராகப் போய்விடலாம். படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்ற நினைப்பில் வைத்த விதி. இந்த மோசடிக் கூட்டமோ படித்தவனைத்தான் தேடுகிறது. கம்போடியாவும் லாவோஸும் மியான்மரும் அந்த 18 நாடுகளின் பட்டியலில் கிடையாது. ஆகவே உங்கள் காகிதத்தை நீங்களேதான் பார்த்தாக வேண்டும், வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

அரசு வழியாகப் போக வேண்டுமென்றால் சென்னை கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஆட்கள் எடுக்கும்போது அறிவிப்பு வெளியிடுவார்கள். தாமதமாகும், ஆனால் யார் அனுப்பினார்கள் என்பதற்கு எழுத்து இருக்கும்.

வீட்டு வேலைக்குப் போகிற அக்காமார்களுக்கு

போன வருடம் ஒரு அக்கா வந்தார். வயது 28. குவைத்தில் வீட்டு வேலை என்று சொல்லி, துபாய்க்கு விசிட் விசா எடுத்துக் கொடுத்திருந்தார்கள். “துபாயில் ஒரு வாரம் தங்கிட்டு அப்புறம் குவைத் போகணுமாம் தம்பி.” இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் 30 வயதுக்குக் கீழே அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. 30-க்கு மேல் என்றாலும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அதனால்தான் சுற்றி வளைத்து, விசிட்டில் ஒரு நாட்டில் இறக்கி, அங்கிருந்து வேறொரு நாட்டுக்கு மாற்றுகிறார்கள். நடுவில் கைமாறும்போது அந்த அக்காவுக்காக ஒரு தொகை கொடுக்கப்படும். அப்புறம் “காசு கொடுத்து வாங்கினேன், அதைக் கொடுத்துவிட்டுப் போ” என்பார்கள். வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அண்டை வீட்டுக்கும் தெரியாது.

போகத்தான் வேண்டும் என்ற நிலையில் இருக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கடன் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு நாடு மாறும் பயணம் என்றால் மட்டும் வேண்டாம் அக்கா. அந்த 28 வயது அக்காவிடம் அரை மணி நேரம் பேசினேன். போகவில்லை. இப்போது மீமிசல் பக்கம் ஒரு கருவாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சம்பளம் குறைவுதான்.

கிளம்பும் முன் வீட்டில் விட்டுப் போக வேண்டியவை

எல்லாம் சரியாக இருந்து கிளம்புகிறவர்களுக்கும் நான் ஒரு பழுப்பு உறை போட்டுக் கொடுக்கிறேன். உள்ளே பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, டிக்கெட், வேலைக் கடிதம், ஏஜென்ட்டின் பெயர், போன், ஆபீஸ் முகவரி, பணம் கட்டிய ரசீது அல்லது ஸ்கிரீன்ஷாட். முடிந்தால் ஏஜென்ட்டின் போட்டோவும் வண்டி நம்பரும். அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து, அரிசி டப்பாவுக்குள் வைத்தாலும் சரி, எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். எங்கள் பையனைத் தேடத் தொடங்கிய முதல் வாரம், அவன் பாஸ்போர்ட் நம்பரே அவன் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் கம்ப்யூட்டரில் அழிக்காமல் கிடந்த ஸ்கேனிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தோம்.

உறையின் மேல் சில நம்பர்களை எழுதுகிறேன். வெளியுறவு அமைச்சகத்தின் உதவி மையம் 1800 11 3090. தமிழக அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகம், இந்தியாவுக்குள் இருந்து 1800 309 3793, வெளிநாட்டிலிருந்து +91 80 6900 9901. போகிற நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் நம்பர். கிளம்பும் முன் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். நம்பர்கள் மாறும், வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். தூதரக நம்பரையும் வீட்டு நம்பர் ஒன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போனைப் பிடுங்கிவிட்டால் அதற்குள் இருக்கும் நம்பர் எதற்கும் உதவாது.

பிறகு ஒரு ரகசிய வார்த்தை. இதை அந்தப் பையன் வழியாகத்தான் கற்றுக்கொண்டோம். உள்ளே இருந்தபோது வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் பேச விடுவார்களாம். பக்கத்தில் தமிழ் தெரிந்த டீம் லீடர் உட்கார்ந்திருப்பான். “நல்லா இருக்கேன்” என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒருநாள் அவன் அம்மாவிடம், “மாடு கன்னு போட்டுடுச்சா?” என்று கேட்டான். அவர்கள் வீட்டில் மாடே கிடையாது. அந்த அம்மா ஒரு நிமிடம் திகைத்து, “போட்டுடுச்சு சாமி” என்று சொல்லிவிட்டு, நேராக என் கடைக்கு ஓடி வந்தார். அப்போதுதான் எங்களுக்கு ஏதோ தப்பு என்று உறுதியானது. இப்போது பயணம் போகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிறேன். வீட்டில் இல்லாத ஒன்றை விசாரித்தால் ஆபத்து என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் வீட்டில் இருப்பவர் பதறக் கூடாது, ஒத்துப் பேசிவிட்டு வைக்க வேண்டும். இதையும் ஒரு தடவை பழகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய பிறகு

விமானத்திலிருந்து இறங்கியதும் சிம் போட்டு லைவ் லொகேஷனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கூப்பிட வந்த ஆளின் முகத்தையும் வண்டி நம்பரையும் எடுத்து அனுப்புங்கள். “போன் வேண்டாம், கம்பெனி போன் தருவோம்” என்றால் வண்டியில் ஏறாதீர்கள்.

வண்டியில் ஏறியாகிவிட்டது என்றால் மேப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருங்கள். ஆபீஸ் பாங்காக்கில் என்றால் ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குமேல் பயணம் இருக்காது. நீலப் புள்ளி ஊரைத் தாண்டி வடமேற்கே எல்லைப் பக்கம் நகர்கிறது என்றால் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது இறங்கிக் கடைக்குள் போய்விடுங்கள். பெட்டி போனால் போகட்டும். தாய்லாந்தில் 1155 சுற்றுலா போலீஸ், இங்கிலீஷில் பேசலாம். 191 போலீஸ் அவசர எண். 1300 ஆள் கடத்தலுக்கும் உதவும் எண். “வேலை என்று சொல்லி எல்லைக்குக் கொண்டுபோகிறார்கள்” என்று ஒரு வாக்கியம் போதும்.

பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் காப்பியைக் கொடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. வளைகுடாவில் ‘பத்திரமா வைக்கிறோம்’ என்று வாங்குவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஆற்றைக் கடக்கச் சொன்னால், படகைக் காட்டினால், எந்த முத்திரையும் இல்லாமல் இன்னொரு நாட்டுக்குள் நடக்கச் சொன்னால் அதற்கு மேல் போகாதீர்கள். அழுங்கள், கத்துங்கள், விழுந்து கிடங்கள். இந்தப் பக்கம் இருக்கிற வரை உங்களுக்குத் தாய்லாந்துப் போலீஸ் உண்டு. அக்கரையில் துப்பாக்கி வைத்திருப்பவன் சொல்வதுதான் சட்டம்.

மாட்டிக்கொண்டால்

உள்ளே இருப்பவருக்கு: தனியாக மதில் ஏறிக் குதிக்காதீர்கள். முதல் சில நாள் பணிந்து இருந்து, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, வெளியே என்ன தெரிகிறது, மேலாளர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று மனதில் பதியுங்கள். இன்னொருவரின் போன் கிடைத்தால் முதலில் அனுப்ப வேண்டியது லொகேஷன், அடுத்து உங்கள் முழுப்பெயர், பாஸ்போர்ட் நம்பர் தெரிந்தால் அது. அனுப்பியதும் அழித்துவிடுங்கள். அந்தப் போன் வைத்திருந்தவரும் உங்களைப் போல மாட்டிக்கொண்டவர்தான், அவருக்கும் அடி விழும்.

“ஊரிலிருந்து நாலு பேரைக் கூட்டிட்டு வா, உன்னை விட்டுடுறேன்” என்று ஒரு பேரம் வரும். எங்கள் பையனிடமும் கேட்டார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதைச் செய்த நிமிடம் நீங்களும் அந்த 143-ஆவது பிரிவுக்குள் வந்துவிடுவீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் போய் விழுந்தது முன்னால் போன நண்பனின் வார்த்தையை நம்பித்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஏஜென்ட்டிடம் போய்ச் சண்டை போடுவதுதான் முதலில் தோன்றும். அதைக் கடைசிக்கு வையுங்கள். நீங்கள் சத்தம் போட்டதும் அவன் உள்ளே சொல்லிவிடுவான், வாட்ஸ்அப், டெலிகிராமில் பேசியதை அழிப்பான், போனை மாற்றுவான். முதலில் அவனோடு பேசிய எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் போன கணக்கு விவரத்தைப் பேங்கில் வாங்குங்கள். பிறகு எழுத்து மூலம் புகார், ஒரே நாளில் மூன்று இடத்துக்கு. உள்ளூர்க் காவல் நிலையம், மாவட்ட எஸ்.பி. அலுவலகம், அயலகத் தமிழர் நல ஆணையரகம். மாவட்டங்களில் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு இருக்கிறது, மனுவில் அதையும் குறிப்பிடுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை வைத்துத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஸ்டேஷனில் “அது வெளிநாட்டு விஷயம்” என்று திருப்பி அனுப்பினால் கலங்காதீர்கள். பணம் வாங்கியதும் ஆளைப் பிடித்ததும் இங்கேதான் நடந்தது, வழக்கு இங்கே நிற்கும். இலவச சட்ட உதவிக்கு 15100.

விடுவதற்குப் பணம் கேட்பார்கள். எங்களிடம் 5 லட்சம் கேட்டார்கள். பணம் கட்டியும் விடாமல் வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டதை அவன் உள்ளேயே பார்த்திருக்கிறான். அதிகாரிகளுக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பையனின் படத்தைப் பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், அது உள்ளே இருப்பவர்களின் போனுக்கும் போகும்.

எல்லாவற்றையும் விட அந்த வீட்டை வாட்டியது அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயந்ததுதான். இரண்டு மாதம் என்னைத் தவிர வெளியில் ஒருவரிடமும் சொல்லவில்லை. “பையன் தாய்லாந்தில் நல்லா இருக்கான்” என்று கல்யாண வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில்தான் அவனை இன்னொரு கட்டடத்துக்கு மாற்றினார்கள், தேடுவது இன்னும் கஷ்டமானது.

திரும்பி வந்தவன் முதல் பத்து நாள் விளக்கை அணைக்க விடவில்லை. போலீஸ் விசாரணைக்கு இரண்டு தடவை போனோம். கட்டாயத்தின் பேரில் செய்தான் என்பதற்கு அவன் அனுப்பிய செய்திகளும் மாடு கன்று போட்ட கதையும் அந்தத் துண்டுச் சீட்டின் காப்பியும் உதவின. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க அழைத்துப் போனோம், கூச்சப்படாமல் போனது நல்லதாயிற்று. ஒன்றரை லட்சத்தில் பாதிதான் திரும்ப வந்தது. அம்மாவின் சங்கிலி இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

இப்போது அவன் புதுக்கோட்டையில் ஒரு மொபைல் கடையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு வந்து உட்காருவான். போன மாதம் கம்போடியா வேலைக் கடிதத்தோடு ஒரு தம்பி வந்தான். நான் வாயைத் திறக்கும் முன் இவன் கேட்டான், “ஏஜென்ட் நம்பர் இருக்கா? ஸ்பீக்கர்ல போடு.” போட்டான். லைசென்ஸ் நம்பர் என்ன என்று கேட்டதும் அந்தப் பக்கம் கட் ஆனது. மூன்று தடவை மறுபடியும் அடித்தோம். எடுக்கவில்லை.